மெட்டு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு, தலையை அசைக்காமல், காதில் ஒலிக்கும் தாளத்துக்கு ஒருவர் பாட்டுக் கட்ட வேண்டும். எழுதி வைத்ததைப் பாடக் கூடாது. அந்த நொடியில் வாயில் வருவதைத்தான் பாட வேண்டும். பிறகு அதே தாளத்துக்கு, முன்பே மனப்பாடம் செய்த வரிகளைப் பாட வேண்டும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 12 ராப் பாடகர்களை இப்படிப் படுக்க வைத்துப் பாடச் சொன்னார்கள். இரண்டு பாட்டுக்கும் மூளையின் எந்தெந்தப் பகுதி சுறுசுறுப்பாகிறது, எது ஓய்கிறது என்று படம் எடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வைப் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பாட்டெழுத உட்கார்ந்து தவித்த எவருக்கும் அது தன் சொந்தக் கதையாகவே தோன்றும்.

நெற்றிக்குப் பின்னால், இரு ஓரங்களிலும் இருக்கும் முன்மூளைப் பகுதிக்கு மேற்பார்வை வேலை. செய்வது சரியா, சொன்ன சொல் பொருந்துகிறதா, அடுத்து என்ன என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். பாடகர்கள் உடனுக்குடன் வரி கட்டியபோது அந்தப் பகுதி அடங்கியிருந்தது. நெற்றியின் நடுப்பகுதிக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு பகுதி அப்போது விழித்துக்கொண்டது. நாமாக ஒன்றைச் செய்யத் துடிக்கும் உந்துதலோடு தொடர்புள்ள பகுதி அது. மொழிக்கான பகுதிகளும் உணர்ச்சிக்கான பகுதியும் அதோடு சேர்ந்து இயங்கின. மனப்பாடப் பாட்டைப் பாடியபோது இப்படி இல்லை.

வெறும் 12 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து அதே குழுவினர் கவிஞர்களை வைத்துச் செய்த ஆய்வு இந்தச் சித்திரத்தை இன்னும் தெளிவாக்கியது. முதலில் ஒரு கவிதையைப் புதிதாகக் கட்டச் சொன்னார்கள். பிறகு அதைத் திருத்தச் சொன்னார்கள். கட்டும்போது மேற்பார்வைப் பகுதி அடங்கியது; திருத்தும்போது திரும்ப வந்து உட்கார்ந்தது. உந்துதலுக்கான நடுப்பகுதியோ இரண்டு வேளையிலும் விழித்தே இருந்தது. பழகிய கவிஞர்களையும் புதியவர்களையும் ஒப்பிட்டபோது, கட்டும் வேளையில் மேற்பார்வை அதிகமாக அடங்கியது பழகியவர்களிடம்தான். தேர்ச்சி என்பது கண்காணிப்பு கூடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எப்போது அதை விலக்கி வைப்பது என்பதும் தேர்ச்சியில் சேர்த்தி என்று இந்த ஆய்வுதான் எனக்குக் காட்டியது.

கண்ணதாசன் தாமாகப் பேனா பிடிப்பது குறைவு. அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வார். பஞ்சு அருணாசலம் அப்படி அவரிடம் உதவியாளராக இருந்து வளர்ந்தவர். எழுத்து என்ற வேலையை இன்னொரு கை பார்த்துக்கொள்ள, சொல்லும் வாய்க்கு ஓட்டம் மட்டுமே மிச்சம். அடித்தல் திருத்தல் கண்ணில் படாததால் ஓட்டம் தடைபடவும் வழியில்லை. இது என் ஊகம்தான். ஆனாலும் கைபேசியில் குரலைப் பதிவு செய்தபடி பாட்டுக் கட்டிப் பார்த்தவர்களுக்கு இதில் ஓர் உண்மை இருப்பது தெரியும். தாளில் நான்கு வரி வராத இரவுகளில், கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் வாய்க்கு வந்ததைப் பாடிப் பதிந்துவிட்டுத் தூங்கப் போவேன். மறுநாள் கேட்டால் ஒன்பது நிமிடம் வீண். மீதி ஒரு நிமிடத்தில் பல்லவி இருக்கும்.

மேற்பார்வையை விலக்கினால் போதுமா? எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒருவரை உட்கார வைத்தால் பெரும்பாலும் நிலவும் மலரும்தான் வரும். இங்கேதான் மெட்டு உதவிக்கு வருகிறது. நம் ஊரில் பெரும்பாலும் மெட்டு முதலில், பாட்டு பிறகு. இசையமைப்பாளர் தத்தகாரத்தில் பாடித் தருவார், அல்லது டம்மி வரி போட்டுத் தருவார். ‘தனனா’ என்று மெட்டு நிற்கும் இடத்தில் ‘நிலவே’ உட்காரும், ‘கடலே’ உட்காரும், ‘நட்சத்திரமே’ உட்காராது. குரல் மேலே ஏறி நீளும் இடத்தில் நெடில் வேண்டும். அதிலும் வாய் திறந்து பாட ‘ஆ’ கிடைத்தால் பாடகர் வாழ்த்துவார். முதல் வரியில் ‘காற்று’ வந்துவிட்டால் அடுத்த வரி எதுகைக்காக ‘ஊற்று’, ‘நேற்று’, ‘மாற்று’ என்று தேடும். ஆயிரம் சொற்கள் உள்ள கிடங்கில் இப்படி ஒவ்வொரு கட்டாயமும் ஒரு கதவைச் சாத்திக்கொண்டே வர, கடைசியில் ஏழெட்டுச் சொற்கள்தான் எஞ்சும். அவற்றில் ஒன்று, தானாக உட்கார்ந்திருந்தால் நமக்குத் தோன்றியே இருக்காத சொல்.

அமெரிக்காவின் ரைடர் பல்கலைக்கழக உளவியலாளர் காட்ரினெல் ஹாட் டிராம்ப் இதைச் சோதித்துப் பார்த்தார். வாழ்த்து அட்டைக்கு இரண்டு வரிப் பாட்டு எழுத வேண்டும். சில பாட்டுகளில் குறிப்பிட்ட ஒரு பெயர்ச்சொல் வந்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை. சிலவற்றுக்கு நிபந்தனை இல்லை. நிபந்தனையோடு எழுதியவையே கற்பனையில் சிறந்தவை என்று மதிப்பிட்டவர்கள் கண்டார்கள். 2017இல் வெளியான முடிவு இது. யாரும் மெட்டுத் தராத நாட்களில் பாட்டெழுதுகிறவர் தமக்குத் தாமே ஒரு கட்டாயத்தை வைத்துக்கொள்ளலாம் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். எட்டு வரி, ஒரே எதுகை, அதில் ‘சைக்கிள்’ வந்தாக வேண்டும் என்பது போல ஏதாவது ஒன்று.

கட்டாயத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது மனத்தில் தங்கும். விடை கிடைக்காத மெட்டு, நாம் வேறு வேலைக்குப் போனாலும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் ஒன்பதரைக்கு அலுவலகம் போய் இரவு ஏழரைக்குத் திரும்புகிற என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் பெரிய வரம். எனக்கு வரிகள் கிடைத்த இடங்களை எண்ணிப் பார்த்தால் மேசை கடைசியில்தான் வரும். பேருந்து, சோற்றுக்கு அரிசி களைகிற வேளை, தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போகிற நடை, இவையெல்லாம் அதற்கு முன்னால் நிற்கின்றன.

நடையைப் பற்றி உறுதியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மேரிலி ஒப்பெசோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014இல் வெளியிட்டது. நான்கு சோதனைகள், மொத்தம் 176 பேர். ஒரு பொத்தானை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பது போன்ற கேள்விகள். நடந்துகொண்டு பதில் சொன்னபோது, உட்கார்ந்து சொன்னதைவிடப் புதுமையான யோசனைகள் சராசரியாகச் சுமார் 60 விழுக்காடு கூடின. பூங்கா, மரநிழல் எல்லாம் தேவைப்படவில்லை. வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அது நீடித்தது. ஒரே ஒரு சரியான விடை உள்ள புதிர்களில் மட்டும் நடப்பவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். பாட்டு வேலைக்கு இதை அப்படியே பெயர்த்துக்கொள்ளலாம். பல்லவி தேட நடக்க வேண்டும். மூன்றாம் சரணத்தில் ஓர் அசை இடிக்கிறது, அதற்கு மாற்றுச் சொல் வேண்டும் என்றால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

அந்த நடையில் காதில் பாட்டு மாட்டிக்கொள்ளலாமா? எனக்கு ஆசைதான். ஆனால் பிரிட்டன், சுவீடன் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட சோதனைகள் அதற்குச் சாதகமாக இல்லை. மூன்று சொற்களைக் கொடுத்து, மூன்றோடும் சேரக்கூடிய நான்காவது சொல்லைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பின்னணியில் பாட்டு ஓடியபோது விடைகள் குறைந்தன. தெரிந்த மொழிப் பாட்டு, தெரியாத மொழிப் பாட்டு, வரிகளே இல்லாத வாத்திய இசை எல்லாமே கெடுத்தன. நூலகத்தில் கேட்கும் மெல்லிய சலசலப்பு கெடுக்கவில்லை. சொல்லைத் தேடும் மனம் தனக்குள்ளேயே ஒலியை உருட்டிப் பார்க்கிறது, வெளியிலிருந்து வரும் இசை அதே இடத்தில் வந்து மோதுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பேருந்தில் காதொலிப்பானைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்ட பிறகு எனக்கு வரிகள் கூடின என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பின்னிருக்கையில் ஓர் அம்மா மகளிடம் பேசிய வழக்குச் சொல் ஒன்று இப்போது என் பாட்டில் இருக்கிறது.

சும்மா மனத்தை அலைய விட்டாலே கற்பனை ஊறும் என்று பலரும் சொல்வார்கள். 2012இல் கலிஃபோர்னியாவில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். ஒரு கேள்வியில் ஈடுபட்டவர்களுக்கு இடையில் எளிய வேலை ஒன்று கொடுக்கப்பட்டது. மனம் அலைந்து திரும்பியவர்கள் அதே கேள்விக்குச் சிறந்த பதில் தந்தார்கள். ஆனால் பின்னால் அதைத் திரும்பச் செய்து பார்த்த குழுக்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. அதனால் அதை நான் அழுத்திச் சொல்லப் போவதில்லை. முதல் ஆய்விலேயே ஒரு நுணுக்கம் உண்டு. முன்பே ஈடுபட்ட கேள்விகளுக்குத்தான் பலன் இருந்தது, புதுக் கேள்விகளுக்கு இல்லை. ஊறப் போடாத அரிசியை ஆட்ட முடியாது. அரைமணி நேரமாவது மெட்டோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் நான் பாத்திரம் கழுவப் போவேன்.

தூக்கத்தின் பங்கு இதைவிடத் தெளிவாக இருக்கிறது. பாரிஸ் மூளை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குழு 2021இல் வெளியிட்ட சோதனையில் 103 பேர் கணக்குகளைப் போட்டார்கள். எல்லாக் கணக்கையும் சட்டென்று முடித்துவிடும் விதி ஒன்று அவற்றில் ஒளிந்திருந்தது. அதை யாருக்கும் சொல்லவில்லை. விதியைக் கண்டுபிடிக்காதவர்களை இடையில் 20 நிமிடம் சாய்நாற்காலியில் கண்ணை மூடி ஓய்வெடுக்க வைத்தார்கள். கையில் ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், கண் அசந்ததும் அது நழுவி விழுந்து எழுப்பிவிடும். எடிசன் செய்ததாகச் சொல்லப்படும் உத்தி அது. தூக்கத்தின் முதல் படியில் 15 நொடியாவது இருந்தவர்களில் 83 விழுக்காட்டினர் பிறகு விதியைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 விழுக்காட்டினர். அடுத்த படிக்கு, அதாவது ஆழ்ந்த தூக்கத்தை நோக்கிச் சென்றவர்களில் 14 விழுக்காட்டினர் மட்டுமே. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘கோழித் தூக்கம்’ என்று சொல்வது இந்த முதல் படியைத்தான். மதியம் சாப்பிட்டபின் ஈஸிசேரில் கண் சொக்குகிற அந்த இரண்டு நிமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும்.

இவ்வளவும் ஒருநாள் பாட்டுக்கு. ஆண்டுக்கணக்கில் எழுதுவதற்கு என்ன வழி? ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் 1983இல் பல்கலைக்கழக ஆசிரியர்களைப் பிரித்துச் சோதித்தார். ஒரு குழு மனம் வந்தபோது எழுதலாம். இன்னொரு குழு மனம் வந்தாலும் வராவிட்டாலும் தினமும் எழுதியாக வேண்டும். கட்டாயமாக எழுதியவர்கள் அதிகப் பக்கம் எழுதினார்கள் என்பதில் வியப்பில்லை. புதிய யோசனைகளும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தன. அவர்கள் எழுதியது பாட்டில்லை என்றாலும், உற்சாகம் வந்தால் எழுதுவோம் என்ற வரிசையை அந்தச் சோதனை தலைகீழாக்கிவிட்டது. எழுத உட்கார்ந்தபின்தான் உற்சாகம் வருகிறது.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1930இல் பிறந்து 1959இல், 29 வயதில் மறைந்தார். அதற்குள் உழவு, நாடக நடிப்பு என்று எத்தனையோ வேலை பார்த்தவர். அவருடைய சொற்கள் வயலிலும் மேடையிலும் கூட்டத்திலும் புழங்கிப் பழகிய சொற்கள் என்பது கேட்டவுடன் தெரியும். அன்றாட வேலை எழுத்தைத் தின்றுவிடுகிறது என்று புலம்பத் தோன்றும்போது நான் அவரை நினைத்துக்கொள்வேன். நேரத்தை வேலை தின்கிறது, உண்மைதான். சொற்கிடங்கை நிரப்புவதும் அதே வேலைதான்.

ஆங்கிலப் பாடகர் பால் மெக்கார்ட்னியின் ‘யெஸ்டர்டே’ பாட்டு பிறந்த கதையில் இவையெல்லாம் வந்து சேர்கின்றன. லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீட்டின் மாடியறையில் தங்கியிருந்தபோது மெட்டு கனவில் வந்தது. படுக்கையருகிலேயே பியானோ இருந்ததால் எழுந்ததும் வாசித்துப் பிடித்துக்கொண்டார். எங்கோ கேட்ட மெட்டோ என்ற பயத்தில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டி விசாரித்தார். வரிகளுக்கு வழியில்லை. மெட்டு கலையாமல் இருக்க, காலை உணவு முட்டைப் பொரியலின் ஆங்கிலப் பெயரையே டம்மி வரியாகப் போட்டுப் பாடிக்கொண்டு மாதக்கணக்கில் திரிந்தார். 1965 மே மாதம் போர்ச்சுகலுக்கு விடுமுறைக்குப் போனார். லிஸ்பனிலிருந்து தெற்கே அல்புஃபெய்ரா கடற்கரைக்குப் பல மணி நேரக் கார்ப் பயணம். உடன் வந்த தோழி தூங்கிவிட்டார், வெளியே வெயில், செய்ய ஒன்றுமில்லை. முட்டை உட்கார்ந்திருந்த இடத்தில், அதே மூன்று அசையில், ஒரு சொல் வந்து உட்கார்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மற்ற வரிகளும் வந்தன. ஜூன் 14ஆம் தேதி லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் தனியாக ஒரு கித்தாரை வைத்துக்கொண்டு அதைப் பாடிப் பதிவு செய்தார்.