லீட்ஸ் யுனைடெட் எங்கே போச்சு? ஒரே ஒரு பாயின்ட்டில் கவிழ்ந்த கடன் கணக்கு

ஒவ்வொரு வயசுக்காரங்களுக்கும் ஒரு கிளப் இருக்கும். சின்ன வயசுல "பெரிய டீம்"னா அதுதான்னு மனசுல பதிஞ்சு போயிருக்கும். இன்னைக்கு ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பையன்கிட்ட அந்தப் பேரைச் சொன்னா, "அது எந்த டிவிஷன் ப்ரோ?"ன்னு கேப்பான்.

2000-ஐ ஒட்டி ராத்திரி கண் முழிச்சு இ.எஸ்.பி.என். பார்த்தவங்களுக்கு மூணு பேர் உடனே ஞாபகம் வரும். இங்கிலாந்தில் லீட்ஸ் யுனைடெட், இத்தாலியில் பார்மா, ஸ்பெயினில் டெபோர்டிவோ லா கொருன்யா. டெபோர்டிவோ 2000-ல் ஸ்பெயின் லீக் சாம்பியன். 2004-ல் ஏசி மிலன்கிட்ட முதல் மேட்ச் 4-1 தோத்துட்டு, சொந்த ஊர்ல 4-0 ஜெயிச்சு மிலனையே வெளியே அனுப்பின டீம். 2020-ல் அவங்க மூணாவது டிவிஷனுக்கு இறங்கிட்டாங்க.

சின்ன வயசுல எல்லாமே பெருசாத்தான் தெரியும், ஸ்கூல் கிரவுண்டு உட்பட. அதனால இது வெறும் பழைய ஞாபக மயக்கம்னு விட்டுடலாமா? விட முடியாது. இந்த கிளப்களோட பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தா, தோல்வி மைதானத்துல தொடங்கலைன்னு தெரியும். நம்ம சேனல்ல பெர்சனல் லோன், ஹோம் லோன்னு எத்தனையோ வீடியோ போட்டிருக்கோம். ஆனா கடன் எப்படி ஒரு நல்ல நிலைமையைக் கரைக்கும்னு புரிஞ்சுக்க லீட்ஸ் கதையை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியல. கால்பந்து தெரியாதவங்களும் தாராளமா படிக்கலாம்.

லீட்ஸ் நிஜமாவே பெரிய கிளப். இங்கிலாந்தின் பெரிய நகரங்கள்ல ஒண்ணு, ஊருக்கே ஒரு கிளப்தான். பிரீமியர் லீக் ஆரம்பிக்கிறதுக்கு முந்தின சீசன்ல, அதாவது 1991-92-ல், நாட்டோட சாம்பியன் இவங்கதான். 1997-ல் பீட்டர் ரிட்ஸ்டேல் சேர்மன் ஆனார். வெளியிலிருந்து வந்து கொள்ளையடிச்ச ஆள் இல்லை. சின்ன வயசுலேர்ந்து லீட்ஸ் ரசிகர். கதையில இதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தும் இடம். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. எல்லாருக்கும் ஆசை இருந்தது, கூடவே ஒரு எக்செல் ஷீட்டும் இருந்தது.

அந்த ஷீட்டோட லாஜிக் சிம்பிள். ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் போட்டிக்கு வருஷா வருஷம் தகுதி பெற்றா, டிவி பணம், பரிசுப் பணம், டிக்கெட் பணம் எல்லாம் கொட்டும். தகுதி பெறணும்னா நல்ல வீரர்கள் வேணும். அதனால இப்பவே கடன் வாங்கி வீரர்களை வாங்கு, வரப்போற பணத்துல கடனை அடை. 2000 நவம்பர்ல ரியோ ஃபெர்டினாண்டை 1.8 கோடி பவுண்ட் கொடுத்து வாங்கினாங்க. ஒரு டிஃபெண்டருக்கு உலகத்துலேயே அதுவரைக்கும் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. ராபி கீனுக்கு 1.2 கோடி. சில வீரர்களை, நம்ம ஊர்ல கம்பெனி கார் எடுக்கிற மாதிரி, லீஸ் ஃபைனான்ஸ்ல எடுத்தாங்க.

முதல் வருஷம் திட்டம் பலிச்சது. 2000-01 சாம்பியன்ஸ் லீக்ல செமி ஃபைனல் வரைக்கும் போனாங்க. அங்கே வலென்சியாகிட்ட தோத்தாங்க, பரவாயில்ல. பிரச்சனை உள்ளூர் லீக்ல. அந்த வருஷம் இங்கிலாந்துல முதல் 3 இடத்துக்குத்தான் அடுத்த சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு. லிவர்பூல் 69 பாயின்ட், மூணாவது. லீட்ஸ் 68, நாலாவது.

ஒரே ஒரு பாயின்ட்.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். ஒரு கம்பெனியில அப்ரைசல் நடக்குது, "எக்ஸீட்ஸ்" ரேட்டிங் வரும்னு நினைச்சீங்க, "மீட்ஸ்" வந்தது. வேலை போகல, சம்பளம் குறையல. ஆனா அந்தப் போனஸை நம்பி நீங்க ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தா? லீட்ஸுக்கு அதேதான். நாலாவது இடம்ங்கிறது நல்ல ரிசல்ட். நாட்டுல இருக்கிற மத்த கிளப்ல முக்கால்வாசி பேர் அதுக்குத் தவம் கிடப்பாங்க. அவங்க பட்ஜெட்டுக்குத்தான் அது பத்தல.

சரி, ஒரு வருஷம் போச்சு, கையை இறுக்கிப் பிடிப்போம்னு நினைச்சாங்களா? இல்ல. 2001-ல் டிக்கெட் வருமானத்தை ஈடு காட்டி 6 கோடி பவுண்ட் கடன் எடுத்தாங்க, 25 வருஷத்துக்கு. அன்னைக்கு இன்னும் பிறக்கவே இல்லாத ரசிகன் வாங்கப் போற டிக்கெட்டும் அந்த அடமானத்துல இருந்தது. அக்டோபர்ல செத் ஜான்சனுக்கு 70 லட்சம், நவம்பர்ல ராபி ஃபவுலருக்கு 1.1 கோடி. 2002 புத்தாண்டு அன்னைக்கு லீட்ஸ்தான் பட்டியல்ல முதலிடம். சீசன் முடியும்போது அஞ்சாவது. திரும்பவும் சாம்பியன்ஸ் லீக் இல்லை.

நம்ம கணக்குக்கு வருவோம்

உங்க கைக்கு மாசம் 85,000 ரூபாய் வருதுன்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 1.8 லட்சம் வேரியபிள் பே. ரெண்டையும் கூட்டி 12-ஆல வகுத்தா மாசம் 1 லட்சம். "நான் லட்ச ரூபா சம்பளக்காரன்"னு மனசு ஒரு நம்பரை எடுத்துக்கும். 50 லட்சம் ஹோம் லோன், 8.5% வட்டி, 20 வருஷம்: இ.எம்.ஐ. சுமார் 43,400. லட்சத்துல 43%, சமாளிக்கலாம்னு தோணும். வேரியபிள் வராத வருஷம் அதே இ.எம்.ஐ. உங்க சம்பளத்துல 51%. வீட்டு விலை மாறல, வட்டி மாறல, நீங்க ஊதாரித்தனம் எதுவும் பண்ணல. வகுத்தல் கணக்குல கீழே இருந்த நம்பர் மட்டும் மாறிடுச்சு.

கேம்பஸ்ல சேர்ந்து மூணு வருஷத்துல ரெண்டு முறை 30% ஹைக் வாங்கினவங்க இதை இன்னொரு தடவை படிங்க. அடுத்ததும் 30% வரும்னு நினைச்சு இ.எம்.ஐ. பிளான் பண்றது, சாம்பியன்ஸ் லீக் வரும்னு நினைச்சு ஸ்ட்ரைக்கர் வாங்கறது, ரெண்டும் ஒரே ஷீட். இ.எம்.ஐ. கணக்குப் போடும்போது ஃபிக்ஸட் பே மட்டும்தான் கீழே வரணும். போனஸ் வந்தா முன்கூட்டியே அசலைக் கட்டுங்க, சந்தோஷமா கட்டுங்க. ஆனா அதைச் சம்பளம்னு கூப்பிடாதீங்க.

கடன் முத்தும்போது எதை முதல்ல விற்போம்? விற்க வேண்டாததைத்தான். ஏன்னா வாங்க ஆள் ரெடியா இருக்கிறது அதுக்கு மட்டும்தான். 2002 ஜூலைல ஃபெர்டினாண்டை ஜென்மப் பகையான மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே கிட்டத்தட்ட 3 கோடி பவுண்டுக்கு வித்தாங்க. அது லாபம்தான். அடுத்து வித்ததுல பலதும் நஷ்டம். 1.2 கோடிக்கு வாங்கின கீன் 70 லட்சத்துக்குப் போனார். ஃபவுலரை 2003 ஜனவரியில மான்செஸ்டர் சிட்டிக்கு வித்தாங்க, வித்த பிறகும் அவர் சம்பளத்துல ஒரு பங்கை லீட்ஸே கட்டிச்சு. காரை வித்தாச்சு, கார் லோன் ஓடிட்டே இருக்கு, அந்த நிலைமை.

எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற கதை ஒண்ணு உண்டு: கிளப் ஆபீஸ் மீன் தொட்டிக்குத் தங்கமீன்களை வாடகைக்கு எடுத்திருந்தாங்க. பத்திரிகைகள் அதைப் பிடிச்சுக்கிச்சு. ஆனா தங்கமீன் லீட்ஸைக் கவிழ்க்கல. மாசம் ரெண்டு காபியைக் குறைச்சா கோடீஸ்வரன் ஆகலாம்னு சொல்ற ரீல்ஸ் மாதிரிதான் அது. கவிழ்த்தது சம்பள ஒப்பந்தங்களும் கடன் தவணைகளும்தான்.

எனக்கு மனசு கஷ்டமான விற்பனை வேற ஒண்ணு. 2004-ல் லீட்ஸ் பிரீமியர் லீக்லேர்ந்து கீழே இறங்கினதும், சொந்த ஊர்ப் பையன், சொந்த அகாடமியில வளர்ந்தவன், ஜேம்ஸ் மில்னரை 18 வயசுல நியூகாசிலுக்கு வித்துட்டாங்க. இருபது வருஷம் கழிச்சும் அவர் பிரீமியர் லீக்ல ஆடிட்டிருந்தார். வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை உருவிடறவங்களைப் பார்க்கும்போது எனக்கு மில்னர்தான் ஞாபகம் வருவார்.

அதே 2004-ல் பயிற்சி மைதானத்தையும், பிறகு எலண்ட் ரோடு ஸ்டேடியத்தையும் வித்தாங்க. சொந்த வீட்டை வித்துட்டு அதே வீட்ல வாடகைக்கு இருந்த மாதிரி. ஸ்டேடியத்தைத் திரும்ப வாங்க 2017 வரைக்கும் ஆச்சு. நடுவுல 2007-ல் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போய், 10 பாயின்ட் வெட்டு வாங்கி, மூணாவது டிவிஷனுக்கு விழுந்தது. அடுத்த சீசனை மைனஸ் 15-லேர்ந்து ஆரம்பிக்க வெச்சாங்க. கடனை நம்பி ஆடி விழுறதுக்கு இங்கிலாந்துல "டூயிங் எ லீட்ஸ்"னே ஒரு சொல் வந்துடுச்சு.

பார்மா: பெருசா தெரிஞ்ச சின்ன கிளப்

பார்மா கதை வேற மாதிரி. அந்த ஊர்ல மொத்த ஜனத்தொகையே 2 லட்சம்தான் இருக்கும். 1990-ல்தான் முதல் முறையா இத்தாலியின் முதல் டிவிஷனுக்கு வந்தாங்க. 1999-க்குள்ள மூணு ஐரோப்பியக் கோப்பை. அந்த டீம்ல புஃபோன், கன்னவாரோ, துராம், கிரெஸ்போ, வெரோன். இன்னைக்கு அந்த அஞ்சு பேர் ஒரே டீம்ல இருந்தாங்கன்னா நம்பவே கஷ்டமா இருக்கும். காசு எங்கேர்ந்து வந்தது? பக்கத்துல கொல்லெக்கியோங்கிற சின்ன ஊர்ல தொடங்கின பால் கம்பெனி, பார்மலாட். முதலாளி கலிஸ்டோ டான்சி.

2003 டிசம்பர்ல பார்மலாட் கணக்குல பேங்க் ஆஃப் அமெரிக்காவில் இருக்கறதா காட்டின கிட்டத்தட்ட 400 கோடி யூரோ, நிஜத்துல இல்லவே இல்லைன்னு தெரிஞ்சது. கம்பெனி கவிழ்ந்தது, கிளப்பும் கூடவே. பார்மா மைதானத்துல எந்தத் தப்பும் பண்ணல. அவங்க வருமானம் முழுக்க ஒரே குழாய்லேர்ந்து வந்தது, அவ்வளவுதான். சம்பளம், குடும்பத்துக்கே மெடிக்கல் இன்ஷூரன்ஸ், சேமிப்புல பாதி கம்பெனி ஷேர், எல்லாம் ஒரே முதலாளிகிட்டேர்ந்து வாங்கற ஐ.டி. நண்பர்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது. முதல் வேலையா, சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி எடுத்துடுங்க.

2014-15-ல் பார்மா திரும்பவும் விழுந்தது. அந்த சீசன்ல கிளப் ரெண்டு தடவை தலா 1 யூரோவுக்குக் கை மாறியது. வீரர்களுக்கு மாசக்கணக்கில் சம்பளம் இல்லை. பாதுகாப்பு ஆட்களுக்குக் கொடுக்கக் காசில்லாம ஒரு மேட்சே தள்ளிப்போச்சு. நாலாவது டிவிஷனுக்கு அனுப்பப்பட்டு, அங்கேர்ந்து மூணே வருஷத்துல வரிசையா மூணு தடவை முன்னேறி 2018-ல் மேலே வந்தாங்க. இந்தத் தடவை பால் கம்பெனி இல்லாம.

(பிளாக்பர்ன் ரோவர்ஸ் பத்தி ஏன் எழுதலைன்னு சிலர் கேப்பீங்க. 1995 சாம்பியன், 2010-ல் நம்ம ஊர் வெங்கீஸ் சிக்கன்காரங்க வாங்கின கிளப். அதுக்குத் தனி வீடியோவே வேணும்.)

இதே குழியில விழுந்து எழுந்து வந்தவங்க யாருமே இல்லையா? இருக்காங்க. ஜெர்மனியின் போருசியா டார்ட்மண்ட். 1997 சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சவங்க, 2000-ல் பங்குச் சந்தைக்கு வந்து ஒரு ஷேர் 11 யூரோன்னு வித்தாங்க, அந்தப் பணத்தையும் செலவு பண்ணி ஸ்டேடியத்தையும் வித்தாங்க. 2003-ல் இவங்களும் சாம்பியன்ஸ் லீக்கைத் தவறவிட்டாங்க. போட்டியாளரான பயர்ன் மியூனிக்கே 20 லட்சம் யூரோ கைமாத்து கொடுக்கிற நிலைமை. 2005-ல் கடன்காரங்க கூடி உட்கார்ந்து, தவணையைத் தள்ளிப்போட ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் டார்ட்மண்ட் பண்ணதுல கவர்ச்சியா எதுவுமே இல்லை. சம்பளத்தை வெட்டினாங்க. ஸ்டேடியத்தோட பேரை ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வித்தாங்க, ரசிகர்கள் முகம் சுளிச்சாங்க. விலை உயர்ந்த ஸ்டாருக்குப் பதிலா இளம் பசங்களை ஆட விட்டாங்க. சில வருஷம் பட்டியலின் நடுவுலேயே கிடந்தாங்க. 2011-லயும் 2012-லயும் ஜெர்மனி சாம்பியன்.

அந்த நடு வருஷங்களைத்தான் லீட்ஸ் தாங்கிக்கத் தயாரா இல்லை. கையில நல்ல டீம் இருந்தது, கூட்டம் இருந்தது, நாலாவது இடம் இருந்தது. ரெண்டு வருஷம் ஐரோப்பா இல்லாம பல்லைக் கடிச்சிருந்தா, இன்னைக்கு லீட்ஸை வேற வரிசையில வெச்சுப் பேசிட்டிருப்போம்னுதான் நான் நினைக்கிறேன்.

16 வருஷம் கழிச்சு, 2020-ல் லீட்ஸ் பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது. முதல் மேட்ச் லிவர்பூல் கூட, அந்த ஒரு பாயின்ட்டை எடுத்துக்கிட்டுப் போன அதே லிவர்பூல். 4-3 தோத்தாங்க, ஆனா என்ன ஆட்டம்! பார்க்கத்தான் மைதானத்துல ஆளில்லை. கொரோனா காலம். எலண்ட் ரோட்டில் அந்த சீசனோட கடைசி மேட்சுக்கு மட்டும் 8,000 பேரை உள்ளே விட்டாங்க. மத்தபடி வருஷம் முழுக்க ஒரு டிக்கெட்கூட விக்கல.

2001-ல் அவங்க அடமானம் வெச்ச 25 வருஷ டிக்கெட்டில், அந்த வருஷத்து டிக்கெட்டும் சேர்த்திதான்.