‘பொதேர்’ என்னும் ஸ்பானிய வினை: அடிமாற்றமும் தமிழ்வழிப் புரிதலும்

ஆய்வுச்சுருக்கம்

ஸ்பானிய மொழியில் மிகுதியாக வழங்கும் வினைகளுள் ஒன்று ‘பொதேர்’. இயலுதல் என்பது அதன் பொருள். நிகழ்காலத்தில் இவ்வினையின் அடியிலுள்ள உயிர் சில இடங்களில் திரிந்தும் சில இடங்களில் திரியாமலும் வருவதால், பாடநூல்கள் இதனை அடிமாறும் வினை எனத் தனியே வகுத்து மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. இத்திரிபு அசையழுத்தத்தைச் சார்ந்த ஓர் ஒழுங்கு என்பதையும், இவ்வினையின் பொருட்பரப்பை ஆங்கிலத்தின் ‘கேன்’ வழியாக அணுகுவதைவிடத் தமிழின் ‘முடியும்’, ‘தெரியும்’, ‘-லாம்’ ஆகியவற்றின் வழியாக அணுகுவது பல இடங்களில் தெளிவு தரும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஸ்பானிய வினை, அடிமாற்றம், அசையழுத்தம், விகாரம், ஒப்பீட்டு இலக்கணம், அயல்மொழிக் கற்பித்தல்

முன்னுரை

ஸ்பானியம் கற்கும் தமிழ் மாணவர் பெரும்பாலும் ஆங்கிலவழிப் பாடநூலையே கையில் எடுக்கிறார். அந்நூல் ஆறு கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்றைத் தரும். நான்கு கட்டங்களில் அடி மாறும், இரண்டில் மாறாது. மாறும் நான்கையும் கோடிட்டுச் சூழ்ந்தால் ஒரு காலணியின் வடிவம் கிடைக்கும் என்பதும் பாடமாகவே நடத்தப்படுகிறது. நினைவில் நிறுத்த அந்த வடிவம் உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால், ஏன் அந்த நான்கு, ஏன் அந்த இரண்டு என்னும் வினாவுக்கு அதில் விடை இல்லை. விடை அறியாத மாணவர் ஒவ்வொரு வினைக்கும் அட்டவணையைப் புதிதாக மனப்பாடம் செய்கிறார். அட்டவணையில் இல்லாத வடிவத்தைக் கேட்டால் திகைக்கிறார்.

எழுத்துப்பெயர்ப்பு பற்றி ஒரு குறிப்பு தேவை. இக்கட்டுரையில் ஸ்பானியச் சொல்லின் அழுத்தம் பெறும் உயிர் நெடிலாகவும், அழுத்தம் பெறாத உயிர் குறிலாகவும் எழுதப்படுகின்றன. ஸ்பானியத்தில் நெடில், குறில் என்னும் பொருள் வேறுபாடு இல்லை. எனவே இது அழுத்தத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் ஓர் ஏற்பாடு மட்டுமே. ‘பொதேர்’ என்பதில் ‘தே’ அழுத்தம் பெறுகிறது. உயிர்களுக்கிடையே வரும் தகரம், ‘அது’ என்பதில் நாம் ஒலிப்பதுபோல் மென்மையாகவே ஒலிக்கும். ஆங்கிலேயர் முயன்று கற்கும் இவ்வொலி தமிழருக்கு இயல்பாகவே வாய்க்கிறது.

நிகழ்கால வடிவங்கள்

தன்மை ஒருமை ‘புவேதொ’. முன்னிலை ஒருமை ‘புவேதெஸ்’. படர்க்கை ஒருமை ‘புவேதெ’. தன்மைப் பன்மை ‘பொதேமொஸ்’. முன்னிலைப் பன்மை ‘பொதேய்ஸ்’. படர்க்கைப் பன்மை ‘புவேதென்’. ‘புவே’ என்பதன் உகரம் மிகக் குறுகி, அடுத்துள்ள உயிரோடு ஓரசையாகவே ஒலிக்கும். நாங்கள், நாம் என்னும் வேறுபாடு ஸ்பானியத்தில் இல்லாமையால் ‘பொதேமொஸ்’ இரண்டுக்கும் பொதுவாகும். ஸ்பெயினில் 2014-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஓர் அரசியல் கட்சியின் பெயரும் இச்சொல்லே. ‘நம்மால் முடியும்’ என அதனைத் தமிழாக்கலாம்.

மேற்கண்ட எழுத்துப்பெயர்ப்பை உற்றுநோக்கினால் விதி தானே வெளிப்படும். அடியின் உயிர் நெடிலாக எழுதப்பட்ட இடங்களில் எல்லாம் ‘ஒ’ என்பது ‘உவே’ எனத் திரிந்துள்ளது. நெடில் விகுதிக்கு நகர்ந்த இடங்களில் ‘ஒ’ அப்படியே நிற்கிறது. உயிரிலோ ‘ன்’, ‘ஸ்’ என்னும் ஒற்றுகளிலோ முடியும் ஸ்பானியச் சொல்லில் பொதுவாக ஈற்றயல் அசையே அழுத்தம் பெறும். ஈரசைச் சொல்லாகிய ‘புவேதொ’வில் ஈற்றயல் அசை அடியே. ‘மொஸ்’ என்னும் விகுதி சேர்ந்து சொல் மூவசையாகும்போது ஈற்றயல் இடம் ‘தே’ ஆகிவிடுகிறது. அடி அழுத்தத்தை இழக்கிறது. இழந்ததும் பழைய உயிருக்கே திரும்புகிறது. ‘பொதேய்ஸ்’ என்பதில் விகுதியே அழுத்தத்தை ஏற்பதால், எழுத்திலும் அதற்கு அழுத்தக்குறி இடுவர்.

ஆகவே இரு வேறு அடிகளைக் கற்க வேண்டியதில்லை. ஓர் அடியும் ஓர் அழுத்த விதியும் போதும். அர்கெந்தினாவில் வழங்கும் பேச்சு இதற்கு நல்ல சான்று. அங்கு ‘நீ’ என்பதற்கு ‘து’ என்னும் சொல்லுக்குப் பதிலாக ‘வொஸ்’ என்பது வழங்குகிறது. அதற்குரிய வினைவடிவம் இறுதி அசையில் அழுத்தம் பெறுவது. ஆகவே அங்கே ‘புவேதெஸ்’ இல்லை. ‘பொதேஸ்’ என்பதே வழக்கு. இடம், எண், பொருள் எவையும் மாறவில்லை. அழுத்தம் நகர்ந்தது, உயிரும் உடன் மாறியது. காலணி வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது பிழையாகத் தோன்றும். அழுத்த விதியை அறிந்தவர் இதை எதிர்பார்த்தே இருப்பார்.

திரிபின் வரலாறு

இலத்தீனின் குற்றொகரம் அழுத்தம் பெற்ற அசையில் கஸ்தீலிய மொழியில் ‘உவே’ ஆயிற்று. குற்றெகரம் ‘இயே’ ஆயிற்று. அழுத்தம் பெறாத அசையில் இவை மாறவில்லை. இம்மாற்றம் வினைக்கு மட்டும் உரியதன்று. கதவு ‘புவேர்த்த’, வாயிற்காவலர் ‘பொர்த்தேரொ’. புதியது ‘நுவேவொ’, புதுமை ‘நொவெதாத்’. சாவு ‘முவேர்த்தெ’, சாகும் இயல்புடையது ‘மொர்த்தால்’. நிலம் ‘தியேர்ர’, மனை ‘தெர்ரேனொ’. பெயர்ச்சொற்களில் இவை தனித்தனி அகராதிப் பதிவுகளாக இருப்பதால் நாம் திகைப்பதில்லை. வினையிலோ ஒரே சொல்லின் வடிவங்களுக்குள் அழுத்தம் இடம்பெயர்வதால் அதே மாற்றம் ‘ஒழுங்கின்மை’ என்னும் பெயரைப் பெற்றுவிடுகிறது. ‘கெரேர்’ (விரும்புதல்) என்பது ‘கியேரொ’, ‘கெரேமொஸ்’ என வருவதும், ‘தொர்மீர்’ (உறங்குதல்) என்பது ‘துவேர்மொ’ என வருவதும் இவ்வழியே. இக்கால ஸ்பானியத்தின் தோற்றக்கால ஒலிநிலையை ஆவணங்களின் துணைகொண்டு ஆராய்ந்த மெனெந்தெஸ் பிதாலின் 1926-ஆம் ஆண்டு நூல், இவ்வீருயிர்களின் வளர்ச்சிக்குப் பெரிதும் இடமளிக்கிறது.

இங்கு ஒரு தடை எழும். எல்லா ஒகர அடிகளும் திரிவதில்லையே? ‘கொர்ரேர்’ (ஓடுதல்) ‘கோர்ரொ’ என்றே வருகிறது. அதன் இலத்தீன் மூலத்தில் இருந்தது குற்றுகரம். அது பின்னர் ஒகரமாயிற்று. இன்றைய வடிவத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு ஒகரங்கள் தோற்றத்தால் வேறுபட்டவை. ‘பொதேர்’ என்பதோடு ‘பொதார்’ என்பதை வைத்து நோக்கினால் இது தெளிவாகும். பொதார் என்றால் மரங்களைக் கவாத்து செய்தல். ‘நான் கவாத்து செய்கிறேன்’ என்பது ‘போதொ’. ‘என்னால் இயலும்’ என்பது ‘புவேதொ’. அடியில் அழுத்தம் விழும்போது இரு வினைகளும் பிரிந்துவிடுகின்றன. அழுத்தம் விகுதிக்குப் போனால் வேறுபாடு மறைகிறது: ‘பொதேமொஸ்’ என்பது ‘நம்மால் இயலும்’ எனவும் பொருள்படும், ‘நாம் கவாத்து செய்வோமாக’ எனவும் பொருள்படும். எனவே ஒரு வினை திரியுமா, திரியாதா என்பதை அகராதி வடிவம் காட்டாது. தன்மை ஒருமையையும் உடன் கற்றாக வேண்டும். மனப்பாடம் அவ்வளவே.

வரலாறு எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்றும் கொள்ளக்கூடாது. ‘விதைத்தல்’ என்னும் பொருளுடைய ‘ஸெம்ப்ரார்’ என்பதன் மூலத்தில் நெடிலே இருந்தது. ஆயினும் பிற வினைகளின் சாயலால் அது இன்று ‘ஸியேம்ப்ரொ’ எனத் திரிகிறது. ‘ஒப்படைத்தல்’ என்னும் ‘என்த்ரெகார்’ பழைய மொழியில் திரிந்து வந்து, பின் திரிபை விட்டுவிட்டது.

தமிழ் விகாரமும் ஸ்பானியத் திரிபும்

‘வந்தான்’ என்பதில் ‘வா’ என்னும் பகுதி ‘வ’ எனக் குறுகியதை விகாரம் என நன்னூல் வழியில் கூறுகிறோம். ‘காண்’ என்பது ‘கண்டான்’ எனக் குறுகுவதும் அதுபோன்றதே. அடி ஒன்று, வடிவம் இரண்டு என்னும் கருத்து தமிழ் மாணவருக்குப் புதிதன்று. எனினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்வது தவறு. தமிழில் பகுதியின் திரிபு அதனையடுத்து வரும் காலம் காட்டும் உறுப்பைச் சார்ந்தது. வந்தான், வந்தோம், வந்தன என எல்லா இடத்திலும் எண்ணிலும் ‘வ’ ஒரே நிலையில் இருக்கும். ஸ்பானியத்தில் ஒரே காலத்துக்குள்ளேயே இடமும் எண்ணும் மாற, அழுத்தம் நகர்ந்து, திரிபு வந்தும் போயும் நிற்கிறது. விகாரம் என்னும் சொல்லைக் கடன் வாங்கலாம். அதன் காரணத்தைக் கடன் வாங்க முடியாது.

உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. தமிழில் சொற்பொருளை வேறுபடுத்தும் அழுத்தம் இல்லை. மேலும், எகரம் மெய்யோடு கூடி மொழிக்கு ஈறாவதைத் தொல்காப்பிய மொழிமரபு ஏற்பதில்லை. ஒகரமும் நகரமெய்யோடன்றி ஈறாவதில்லை. எனவே ‘புவேதொ’வின் இறுதியைத் தமிழ் நா ‘தோ’ என நீட்டவே முற்படும். ஸ்பானியச் செவி அந்த நீட்டத்தை அழுத்தமாகக் கொள்ளக்கூடும். ‘ஆப்லொ’ என்றால் ‘பேசுகிறேன்’. ‘அப்லோ’ என்றால் ‘அவன் பேசினான்’. இடமும் காலமும் ஒருசேர மாறிவிடுகின்றன. அடிமாறும் வினை இங்கே கற்போருக்குச் சற்றுத் துணையாகிறது: ‘முவேஸ்த்ரொ’ (காட்டுகிறேன்), ‘மொஸ்த்ரோ’ (காட்டினான்) என்னும் இணையில் அழுத்தம் பிறழ்ந்தாலும் அடியின் உயிர் பொருளைக் காத்துக் கொடுக்கும். இடையூறு எனக் கருதப்படும் திரிபு, கேட்போருக்கு இரண்டாவது அடையாளமாகப் பயன்படுகிறது.

முடியும், தெரியும், -லாம்

பொருளுக்கு வருவோம். ஆங்கிலத்தின் ‘கேன்’ என்னும் துணைவினை, நீந்தக் கற்றிருப்பதையும் இன்று நீந்தும் நிலையில் இருப்பதையும் ஒருசேரக் குறிக்கும். தமிழ் இவ்விரண்டையும் பிரிக்கிறது: ‘எனக்கு நீந்தத் தெரியும்’, ‘என்னால் நீந்த முடியும்’. ஸ்பானியமும் பிரிக்கிறது: ‘சே நதார்’, ‘புவேதொ நதார்’. கையில் காயம்பட்ட நீச்சல்வீரர் ‘நோ புவேதொ நதார்’ என்பார். நீச்சலே கல்லாதவர் ‘நோ சே நதார்’ என்பார். ஆங்கிலவழிப் பாடநூல் இதற்குத் தனி விளக்கம் எழுதி, பயிற்சியும் கொடுக்கிறது. தமிழ் மாணவருக்கு ‘தெரியும்’, ‘முடியும்’ என்னும் இரு சொற்களைச் சுட்டினால் போதுமானது. தம் மொழியில் ஏற்கெனவே உள்ள பாகுபாட்டை மறந்து, ஆங்கிலத்துக்குச் சென்று, அங்கே இல்லாததைப் புதிதாகக் கற்று அவர் திரும்புவது வீண்சுற்று.

வாக்கிய அமைப்பில் நிலைமை வேறு. ‘என்னால் போக முடியும், அவர்களால் போக முடியும்’ எனத் தமிழில் ஆற்றலுடையவர் ‘ஆல்’ உருபேற்று நிற்க, வினை மாறாதிருக்கிறது. ஸ்பானியத்தில் ஆற்றலுடையவரே எழுவாய். வினை அவரோடு இயையும்: ‘புவேதொ ஈர்’, ‘புவேதென் ஈர்’. ‘முடியும்’ என்பதன் பழக்கத்தால் எல்லா இடத்துக்கும் ‘புவேதெ’ என்னும் ஒரே வடிவத்தை ஆளும் போக்குக்கு இடமுண்டு. ஆசிரியர் இதை முன்கூட்டியே சுட்டுவது நன்று. எழுவாய் சுட்டாத தொடர் ஸ்பானியத்திலும் உண்டு. ‘நோ ஸெ புவேதெ’ என்றால் ‘முடியாது’ அல்லது, இடம் நோக்கி, ‘கூடாது’.

இசைவு வேண்டுதலும் இவ்வினையாலேயே நிகழும்: ‘புவேதொ என்த்ரார்?’ என்பதை ‘உள்ளே வரலாமா?’ எனவே பெயர்க்க வேண்டும். ‘என்னால் நுழைய முடியுமா?’ என்றால் பொருள் கெடும். ‘புவேதெ யொவேர்’ என்பது ‘மழை பெய்யலாம்’. ஆற்றலுக்கு ‘முடியும்’, இசைவுக்கும் ஐயத்துக்கும் ‘-லாம்’ என வகுத்துக்கொண்டால் மொழிபெயர்ப்பில் தடுமாற்றம் பெரிதும் குறையும்.

இறந்தகால வடிவங்கள்

அழுத்த விதிக்கு அடங்காத இடங்களும் உள்ளன. முற்றுப்பெற்ற இறந்தகாலத்தில் அடி ‘புத்’ என ஆகிறது: ‘பூதெ’, ‘புதீஸ்தெ’, ‘பூதொ’, ‘புதீமொஸ்’. இது இலத்தீனின் பழைய இறந்தகால அடியிலிருந்து வந்தது. இங்கு அழுத்தம் எங்கு விழுந்தாலும் உகரம் மாறாது. ‘புதியேந்தொ’ என்னும் எச்சவடிவமும் இவ்வாறே தனித்து நிற்கிறது. இவற்றைத் தனியே கற்பதைத் தவிர வேறு வழியில்லை. எதிர்காலமாகிய ‘பொத்ரே’, பணிவுடன் வேண்டும் ‘பொத்ரீய’ ஆகியவற்றில் அழுத்தம் விகுதியில் இருப்பதால் ஒகரம் திரியாது. அவை விதிக்கு உட்பட்டவையே.

இறந்தகாலம் ஸ்பானியத்தில் இருவகை. ‘பூதொ’ என்றால் ஒருமுறை முயன்று அவனால் முடிந்தது. ‘பொதீய’ என்றால் முடியும் நிலை இருந்தது. செய்தானா என்பதை அச்சொல் கூறாது. இவ்வேறுபாட்டுக்கும் தமிழில் ஓர் இணை உண்டு. ‘அவனால் கதவைத் திறக்க முடிந்தது’ என்றால் கதவு திறந்துவிட்டது என்றே கொள்கிறோம். ‘அக்காலத்தில் அவனால் பத்துக் கல் நடக்க முடியும்’ என்னும்போது, வழக்கத்தை உணர்த்தும் ‘உம்’ ஈறு இறந்தகாலச் சூழலில் நின்று, நிலையை மட்டும் கூறுகிறது. முன்னது ‘பூதொ’, பின்னது ‘பொதீய’. ‘உம்’ ஈற்றை எதிர்காலம் என்று மட்டும் கற்பித்து நிறுத்திவிட்டால் இந்த இணை மாணவர் கண்ணுக்குப் படாது.

எதிர்மறையில் இணை இவ்வளவு துல்லியமாக அமையவில்லை. ‘முடியவில்லை’ என்னும் ஒரே சொல், ‘நேற்றிரவு உறங்க முடியவில்லை’ என ஒரு நிகழ்வையும், ‘அந்த ஆண்டு முழுவதும் சரியாக உறங்க முடியவில்லை’ என நீண்ட நிலையையும் குறிக்கிறது. ஸ்பானியத்தில் முன்னதற்கு ‘நோ பூதெ தொர்மீர்’ என்பதே பொருந்தும். பின்னதில் இரண்டு வடிவங்களும் இயலும்: ஆண்டை முடிந்துபோன ஒரு காலமாகக் கண்டால் ‘நோ பூதெ’, அந்நாள்களின் உள்ளே நின்று விவரித்தால் ‘நோ பொதீய’. தமிழ்ச் சொல் இங்கு வழிகாட்டாது. பேசுபவர் நிகழ்வை எங்கிருந்து நோக்குகிறார் என்பதைத் தொடர் முழுவதையும் படித்தே முடிவு செய்ய வேண்டியுள்ளது.