உலையில் போடும் முன் ஒரு பிடி

மிசோ மொழியில் ‘புஃபாய்’ என்றால் தீட்டிய அரிசி; ‘தம்’ என்றால் பிடி. ‘புஃபாய் தம்’ என்பது மிசோரம் கிறிஸ்தவர்கள் நூறாண்டுக்கும் மேலாகக் கைக்கொண்டுவரும் காணிக்கை முறையின் பெயர். வீட்டில் சோறு வடிக்கும் ஒவ்வொரு வேளையும், அரிசியை உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவைப்பார்கள். சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் அதைச் சேகரித்து வருவார்கள். சேர்ந்த அரிசியை விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும். விற்ற அரிசியை வாங்குபவர்களில் சபையாரும் உண்டு.

1910இல் ஐசாலின் மிஷன் வெங் பகுதியில் இருந்த பிரெஸ்பிட்டேரியன் சபையில் இது தொடங்கியது. முதல் மிஷனரிகள் மிசோ மலைகளுக்கு வந்து அப்போது பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்ட மக்களிடம் நெல் இருந்தது, ரூபாய் அரிது. அதிலும் பெண்கள் கையில் காசு புரண்டதே இல்லை. ஆனால் அரிசிப் பானை அவர்கள் பொறுப்பில் இருந்தது. பணம் கேட்டிருந்தால் குடும்பத் தலைவன்தான் கொடுத்திருப்பான். பிடி அரிசி கேட்டதால் சமைப்பவளே கொடுப்பவளானாள். இந்த முறையின் பலம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை அந்த மலைகளில் மூங்கில் கூட்டமாகப் பூக்கும். மூங்கில் விதையைத் தின்று எலிகள் பெருகும்; விதை தீர்ந்ததும் வயலில் இறங்கும். ‘மௌதாம்’ எனப்படும் இந்தப் பஞ்சம் 1911, 1912ஆம் ஆண்டுகளில் தாக்கியது. பிறந்து ஓராண்டே ஆன வழக்கம் அதோடு மறைந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அது மறையவில்லை. 1959இல் மீண்டும் மௌதாம் வந்தது, 2007இல் மறுபடியும் வந்தது. அவற்றையும் இந்தப் பிடி அரிசி கடந்துவிட்டது.

கிறிஸ்தவத்தில் இதற்கு வேர் ஆழமானது. சாறிபாத் ஊர் விதவை, பஞ்ச காலத்தில் மிஞ்சியிருந்த ஒரு பிடி மாவில் எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்த கதை பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. எருசலேம் ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையை, பெருந்தொகை போட்ட செல்வர்களுக்கும் மேலாக இயேசு வைத்தார். எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் நிதி திரட்டியபோது கொரிந்து சபைக்கு அவர் முன்மாதிரியாகக் காட்டியது வறுமையில் கிடந்த மக்கெதோனியா சபைகளை. மூன்றிலும் கொடுப்பவர் ஏழை. தசமபாகம் வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கேட்கிறது; வருமானம் என்று சொல்ல ஒன்றும் இல்லாதவர் அங்கே கணக்கில் வருவது கடினம். அடுப்பு எரிகிற எந்த வீட்டிலும் பிடி அரிசி உண்டு.

ஒரு பிடி ஐம்பது கிராம், நாளைக்கு இரு வேளைச் சமையல் என்று வைத்துக்கொண்டால், ஒரு வீடு மாதம் மூன்று கிலோ கொடுக்கிறது. தனியாகப் பார்த்தால் அற்பம். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி மிசோரம் மக்களில் 87 சதவீதம் கிறிஸ்தவர்கள். தெற்கே பாப்டிஸ்ட் சபையாரும் இதே முறையைப் பின்பற்றுகிறார்கள். ஆண்டுதோறும் பல கோடி ரூபாய் இப்படித் திரள்கிறது. பிறருக்காகத் தன்னை வருத்திக்கொள்ளும் ‘த்லோம்ங்காய்னா’ என்ற பண்பு, கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே மிசோக்களிடம் இருந்தது. புதிய நம்பிக்கை பழைய மண்ணில் எளிதாக வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழ்ச் சபைகளுக்கும் இது அந்நியமானதல்ல. 1903இல் பாளையங்கோட்டையில் பிறந்த இந்திய மிஷனரி சங்கம், இந்தியர் பணத்திலேயே நடக்க வேண்டும் என்ற உறுதியோடு தொடங்கியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை வி. எஸ். அசரியா, 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. தெலுங்கு நாட்டில் அவருடைய சபையார் பெரும்பாலும் தீண்டாமைக்கு உள்ளான கூலி மக்கள். அவர்களிடம் கேட்பது அநியாயம் என்று பலர் நினைத்திருக்கக்கூடும்; கேட்காமல் விடுவதுதான் அவர்களைச் சிறுமைப்படுத்துவது என்பது அசரியாவின் போக்கு. கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனி நூலே எழுதினார். நெல்லைச் சீமையில் அறுப்பின் பண்டிகையன்று கோவிலுக்கு வரும் வாழைத்தாரும் பூசணியும் ஏலத்தில் சந்தை விலையைத் தாண்டிப் போவது இன்றும் காணக்கூடியதே. கூடுதலாகக் கொடுத்த பணம் காணிக்கை.

மிசோரத்தின் முறையில் ஒரு முரணும் உண்டு. அரிசி எடுப்பதும் சேகரிப்பதும் பெண்கள். ஆனால் பிரெஸ்பிட்டேரியன் சபையில் போதகர் பதவி நெடுங்காலம் அவர்களுக்கு மறுக்கப்பட்டே வந்தது. சபையைத் தாங்கிய கைகளுக்கு அது நியாயமான பரிசு அல்ல.

மிசோரம் தன் தேவைக்குப் போதிய நெல்லை விளைவிப்பதும் இல்லை. அங்கே உலையில் விழும் அரிசியில் பெரும்பகுதி வெளி மாநிலங்களிலிருந்து லாரியில் மலையேறி வருகிறது. அதிலிருந்தும் முதல் பிடி தனிப் பாத்திரத்துக்குத்தான் போகிறது.