சுண்டெலியின் நஞ்சுக்கொடியும் இரட்டித்த ஜீன்களும்

சித்திரபுரம் வட்டாரத்துத் தோட்ட லயங்களில் அரிசிப் பானையின் மறைவில் திரியும் சுண்டெலி, ஏறத்தாழ மூன்றே வாரங்களில் கர்ப்பம் முற்றிக் குட்டி ஈனுகிறது. அதற்குள் ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி உருவாகித் தாயின் இரத்தமும் குட்டியின் இரத்தமும் ஒன்றோடொன்று கலவாதபடி உணவையும் பிராணவாயுவையும் கடத்துதல் வேண்டும்.

உடலமைப்பை நெறிப்படுத்தும் ஜீன்கள் பலவற்றில் 180 எழுத்துக்கள் கொண்ட ஒரே மாதிரியான பகுதி உண்டு என்பது 1984-ல் பழ ஈயைக்கொண்டு அறிவிக்கப்பட்டது. 'ஹோமியோபாக்ஸ்' எனப்படும் இப்பகுதியை உடைய ஜீன்கள், பிற ஜீன்களை இயக்கவும் அடக்கவும் வல்லவை. சுண்டெலியின் எக்ஸ் குரோமோசோமில் இவ்வகை ஜீன்கள் 12 அடுத்தடுத்து அமைந்திருத்தல் 2005-ல் வெளியாயிற்று. பின்னர் எண்ணியபோது அவை முப்பதுக்கும் மேற்பட்டன. அவற்றுள் நஞ்சுக்கொடியில் செயற்படும் பி.எஸ்.எக்ஸ்.-1, பி.எஸ்.எக்ஸ்.-2 ஆகியவை ஒன்றன் நகலே மற்றொன்று எனத்தக்கவை. மனிதரிடம் இத்தொகுதியில் மூன்றே ஜீன்கள் உள்ளன. எலியிற் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றி உரைப்பது பொருந்தாது.

நகலால் விளையும் பயன் யாது? மூலப் பதிவேடு பெட்டியில் பத்திரமாக இருக்குமாயின், எழுத்தர் நகலில் அடித்தும் திருத்தியும் பார்க்கலாம் அன்றோ? ஒரு பிரதி பழைய பணியைத் தொடர, மற்றது மாறிப் புதுப்பணி ஏற்கக்கூடும் என்பதை சுசுமு ஓனோ 1970-ல் விரிவாக விளக்கினார். பெரும்பாலான நகல்கள் பழுதாகி ஒழிவதும் உண்மையே.

பழுதின் விளைவை ஈ.எஸ்.எக்ஸ்.-1 என்னும் மற்றொரு ஹோமியோபாக்ஸ் ஜீன் காட்டுகிறது. இதுவும் எக்ஸ் குரோமோசோமிலேயே உள்ளது. தாயிடமிருந்து பழுதுற்ற பிரதியைப் பெற்ற பெண் கருக்களில் நஞ்சுக்கொடி பருத்தது. ஆயினும் அதன் இரத்தக் குழாய்கள் செவ்வனே அமையாமையால் குட்டிகள் சிறுத்தே பிறந்தன. தந்தை தந்த நல்ல பிரதி ஏன் உதவவில்லை? சுண்டெலியின் நஞ்சுக்கொடியில் தந்தைவழி எக்ஸ் குரோமோசோம் அடங்கிக் கிடப்பதே காரணம்.

கால்நடைப் பணியாளர்க்கு நெருங்கிய சான்று பசுவாகும். 1963-ல் இந்திய–சுவிஸ் கூட்டுத் திட்டம் தொடங்கி, சுனந்தினி இனம் உருவாக வழிசெய்த மாட்டுப்பெட்டி, சித்திரபுரத்துக்கு அண்மையிலேயே உள்ளது. பசுவின் நஞ்சுக்கொடியிலும், ஹோமியோபாக்ஸ் வகையைச் சேராத வேறொரு ஜீன் குடும்பம் இரட்டித்து இரட்டித்துப் பெருகியுள்ளது. அக்குடும்பம் ஆக்கும் புரதங்கள் தாயின் இரத்தத்திற் கலப்பதால், கருவூட்டிய 28 நாட்களுக்குப் பின் இரத்தச் சோதனையால் சினையை அறியலாம். கைவிட்டுப் பார்க்கும் பருவம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஆனால் இப்புரதம் ஈன்ற பின்னரும் பல வாரங்கள் இரத்தத்தில் தங்குவதாகையால், அண்மையில் ஈன்ற பசுவைச் சோதித்தால் சினையற்றதும் சினையுற்றதாகத் தோன்றும்.