21 நாளில் பழக்கம் மாறுமா? காப்பிக் கடை 'தே'யை வைத்து ஒரு விளக்கம்

"21 நாள் செஞ்சு பாருங்க, அப்புறம் அதுவே பழக்கமாயிடும்!"

சமூக ஊடகத்தில் இந்த வரியைப் பார்க்காதவர்கள் குறைவு. அதை நம்பி இனிப்பை நிறுத்துவோம், ஓடத் தொடங்குவோம். 22ஆம் நாள் வரும், பழக்கம் மட்டும் வராது. 'நமக்கு மன உறுதி போதாது' என்று விட்டுவிடுவோம்.

பிரச்சினை மன உறுதியில் இல்லாமல் அந்தக் கணக்கில் இருந்தால்?

21 எங்கிருந்து வந்தது?

அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960இல் ஒரு புத்தகம் எழுதினார். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழக, குறைந்தது சுமார் 21 நாள் ஆவதாக அதில் குறிப்பிட்டார். காலப்போக்கில் 'குறைந்தது' என்ற சொல் காணாமல் போனது. '21 நாள்' மட்டும் நிலைத்துவிட்டது.

அப்படின்னா எத்தனை நாள்?

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் 12 வாரம் ஆய்வு நடத்தினர். உணவு, பானம், உடற்பயிற்சி ஆகியவற்றில் ஏதாவது ஒரு புதுப் பழக்கத்தை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுத்தனர். தினமும் ஒரே சூழலில், உதாரணமாகக் காலை உணவுக்குப் பிறகு, அதைச் செய்தனர்.

யோசிக்காமலேயே செய்யும் நிலைக்கு வர, நடுத்தரமாக 66 நாள் தேவைப்பட்டது. ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது: 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிடப்பட்டது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் சீக்கிரம் பதிந்தன. உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் பிடித்தது.

இன்னொரு முக்கியமான விஷயம்: இடையில் ஒரு நாள் தவறினாலும் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடரலாம். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை.

முகாமில் ஓடியவர்கள் வீட்டில் ஏன் ஓடுவதில்லை?

தேசிய சேவையில் இரண்டு ஆண்டு விடியற்காலை எழுந்து ஓடியவர்கள் பலர், சேவை முடிந்த சில வாரங்களில் ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள். சோம்பல் மட்டுமே காரணமா?

பழக்கம் ஒரு தூண்டுதலோடு ஒட்டியிருக்கும். முகாமில் மணி, வரிசை, நண்பர்கள் எல்லாமே 'ஓடு' என்று சொல்லும். வீட்டில் அந்தத் தூண்டுதல் எதுவும் இல்லை. அதனால் 'இனி ஆரோக்கியமா இருப்பேன்' என்று பொதுவாக முடிவெடுப்பதைவிட, 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று திட்டமிடுவது அதிகம் பலன் தரும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டு ஆராய்ந்த விஷயம் இது.

சரி, 'தே'க்கு வருவோம்

நம் சமூகத்தில் இது வெறும் ருசி விஷயம் இல்லை. 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையிலான சிங்கப்பூரர்களில் சுமார் 11 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது சுமார் 17 விழுக்காடு.

பானங்களில் ஒட்டப்படும் 'நியூட்ரி-கிரேட்' முத்திரையைக் கவனித்திருப்பீர்கள். போத்தல், டின் பானங்களுக்கு 2022 டிசம்பர் இறுதியில் நடப்புக்கு வந்தது. ஓராண்டு கழித்து, கடையில் தயாரித்துத் தரப்படும் பானங்களுக்கும் விரிவானது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'டி' தரம். அப்படிப்பட்ட பானத்தை 250 மில்லிலிட்டர் குடித்தால், 5 தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை உள்ளே போகிறது.

ஒரேயடியாக நிறுத்தினால் 'தே' கஷாயம் மாதிரி இருக்கும். நாக்கு மெதுவாகத்தான் பழகும். காப்பிக் கடைப் பேச்சிலேயே அதற்கான படிகள் இருக்கின்றன:

- முதல் சில வாரம்: 'தே சியூ டாய்'. இனிப்பு குறைவு.
- அடுத்து: 'தே சி சியூ டாய்'. கெட்டியான இனிப்புப் பாலுக்குப் பதில் இனிப்பில்லாப் பால், கொஞ்சம் சர்க்கரை.
- பிறகு: 'தே சி கோசோங்'. பால் உண்டு, சர்க்கரை இல்லை.

இதைத் தூண்டுதலோடு சேர்த்துவிடுங்கள்: 'கடைக்காரர் என்ன வேணும்னு கேட்டதும், சியூ டாய் என்பேன்.' வரிசையில் நின்று யோசிக்கத் தேவையில்லை.

வீட்டில் என்ன செய்வது?

கடையில் சொல்வது சுலபம். சித்தி வீட்டில் ஆசையாக நீட்டும் டீயை வேண்டாம் என்பதுதான் கஷ்டம். டீ போடுவதற்கு முன்பே, "சித்தி, எனக்குச் சீனி அரைக் கரண்டி போதும்" என்று சொல்லிவிடுங்கள். டீயை மறுத்தால்தான் அவர் மனம் நோகும். சீனியைக் குறைத்தால் நோகாது. அம்மா அப்பாவுக்கும் சேர்த்து நீங்களே டீ போட்டால், மொத்தக் குடும்பத்துக்கும் குறையும்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் உணவில் பெரிய மாற்றம் செய்யும் முன் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

சுருக்கமாக

- ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் போதும்.
- ஏற்கெனவே தினமும் செய்யும் ஒன்றோடு அதை இணையுங்கள்.
- இரண்டு, மூன்று மாதமாவது அவகாசம் கொடுங்கள்.
- ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள்.

அடுத்த 'தே' ஆர்டர் செய்யும்போதே தொடங்கலாம்.