துருவைச் சுவாசிக்கும் துப்புரவாளர்கள்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்ற ஊருக்கு அருகே, 1979 ஆகஸ்ட் 20 அன்று நிலத்தடிக் கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று உடைந்தது. சுமார் 17 லட்சம் லிட்டர் எண்ணெய் பீறிட்டுப் பள்ளங்களில் தேங்கியது. பம்பு வைத்து இறைத்தார்கள், கொளுத்தினார்கள், நனைந்த மண்ணை வெட்டி அள்ளினார்கள். அப்படியும் ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர் மணலுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அங்கேதான் சிக்கல். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் மிதக்கும். மணல் துகள்களின் இண்டு இடுக்குகளில் ஒட்டிக்கொண்ட பங்கை எந்தப் பம்பாலும் உறிஞ்ச முடியாது. அதிலிருந்து பென்சீன் போன்ற நச்சுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரோடு பயணம் போகும்.

1983 முதல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் இந்த இடத்தைத் திறந்தவெளி ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டது. 1990களின் நடுப்பகுதியில் பார்த்தபோது, நிலத்தடி நீர் 500 மீட்டர் நகர்ந்திருந்தது. எண்ணெயோ 40 மீட்டர்தான் போயிருந்தது. கரைந்த நச்சுகளின் முனை 200 மீட்டரிலேயே நின்றது.

மிச்சத்தைத் தின்றது யார்? மண்ணிலேயே காலங்காலமாக வாழும் பாக்டீரியாக்கள்தான். ஆக்சிஜன் உள்ளவரை அதை வைத்து அவை எண்ணெயைச் சிதைக்கின்றன. அது தீர்ந்ததும் சில இனங்கள் மணல் துகள்மேல் படிந்திருக்கும் இரும்புத் துருவைப் பிடித்துக்கொள்கின்றன. நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல அவை துருவைச் சுவாசிக்கின்றன! துருவும் தீர்ந்த இடத்தில் மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடர்கின்றன.

ஆனால் இந்தச் சேவைக்கும் கட்டணம் உண்டு. துரு கரையும்போது அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் விடுபட்டுத் தண்ணீரில் கலக்கிறது. இயற்கையாகவே மண்ணில் பத்திரமாக இருந்த நஞ்சு அது. துரு தீரத் தீர, மாசின் எல்லையும் மெல்ல நகர்கிறது.

1995இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் கலிபோர்னியாவில் எரிபொருள் தொட்டி கசிந்த 271 இடங்களை அலசியது. பெரும்பாலான இடங்களில் மாசு சில பத்து மீட்டர்களுக்குள் தானே அடங்கியிருந்தது. கோடிக்கணக்கில் செலவழித்துத் தோண்டுவதற்குப் பதில், கண்காணித்தபடியே இயற்கையிடம் விட்டுவிடலாம் என்ற வாதத்துக்கு இது வலு சேர்த்தது.

ஆனால் மறு வருடமே அதே கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம், தன் குடிநீரில் ஏறக்குறைய பாதியைத் தந்த கிணறுகளை மூட நேர்ந்தது. காரணம், பெட்ரோலில் கலக்கப்பட்ட எம்.டி.பி.இ. என்ற ரசாயனம். தண்ணீரில் எளிதில் கரையும் அதை நுண்ணுயிர்கள் அவ்வளவு விரும்புவதில்லை. ஆகவே வெகுதூரம் ஓடிவிடும். கசிந்தது எது, மண் எப்படிப்பட்டது, அருகில் குடிநீர்க் கிணறு இருக்கிறதா என்று பார்க்காமல் பாக்டீரியாவை நம்பிக் கைகட்டி நிற்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான். கலிபோர்னியா 2003 முடிவோடு அந்த ரசாயனத்தைப் பெட்ரோலில் சேர்ப்பதற்குத் தடை விதித்தது.