வாழைநாரில் மக்கும் பை: நம் குழு செய்யலாமா?



"வாழைநாரைப் போட்டு மக்குற பை செய்யலாமாமே, நம்ம குழுவும் செய்யலாமா?" என்று சென்ற கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி.

மண்சுவர் வைக்கும்போது சேற்றில் வைக்கோல் கலந்து மிதிப்போம் அல்லவா? சுவர் வெடிக்காது. இதுவும் அதே கதைதான். மரவள்ளி ஸ்டார்ச்சில் தண்ணீரும் கிளிசரினும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றிக் காயவைத்தால் மெல்லிய தாள் கிடைக்கும். மக்கும், ஆனால் சட்டுனு கிழியும், ஈரம் பட்டால் நைந்துபோகும். அதற்கு வைக்கோல் மாதிரி பலம் தருவதுதான் நானோ செல்லுலோஸ். நாரையே தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மெல்லிய இழைகளாகப் பிரிப்பார்கள். கொஞ்சம் கலந்தாலே தாள் உறுதியாகும்.

இழை பிரிப்பது எப்படி? நாரைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, பிறகு கந்தக அமிலத்தில் சூடாக்குவார்கள். அல்லது பெரிய இயந்திரத்தில் அரைப்பார்கள். அமிலம் தெறித்தால் தோல் வெந்துவிடும், கண்ணே போய்விடும். வீட்டில் செய்யவே கூடாது!

நம்மால் முடிந்தது, நாரைப் பிரித்து, அலசி, காயவைத்து விற்பது.

"மெஷின் தர்றோம், லோன் போடுங்க" என்று யாராவது வந்தால், கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்:

1. சரக்கை யார் வாங்குவார்? எழுத்தில் தருவாரா?
2. மக்கும் பிளாஸ்டிக் என்று விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று வேண்டும். இருக்கிறதா?
3. கழிவுநீர் எங்கே போகும்?

பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மெஷின் நின்றாலும் தவணை நிற்காது. அதைக் கட்டப்போவது நாம்தானே!